ஜெயம்மாளுக்குப் பிடித்த பாட்டு

"தோட்டைக் கழட்டு ஜெயா" என்று கையை நீட்டினாள் அமிர்தம்.

அவள் மடியில் சந்தனக்கல் இருந்தது, பக்கத்தில் ஒரு சங்கு பால். ஜெயம்மாள் வலது காதுத் தோட்டைத் திருகிக் கழற்றிக் கொடுத்தாள். அமிர்தம் கல்லின் மேல் நாலு சொட்டுப் பாலை விட்டு, தோட்டை வைத்து உரசு உரசு என்று உரசினாள். வழித்ததைச் சங்கில் கரைத்து, கட்டிலில் கிடந்த தன் தம்பியின் உதட்டைப் பிளந்து ஊற்றினாள்.

"பொன்னு மேல ஆச இருந்தா இதோட தீந்துச்சுப்பா. நிம்மதியா கண்ண மூடிக்கினு போய்ச் சேரு."

பால் கடைவாயில் வழிந்து தலையணைக்குப் போனது. சக்கரவர்த்தி எங்கும் போகவில்லை. நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

அன்றோடு ஒன்பது நாள். கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்த மனுசன் கையில் கிளாஸோடு சாய்ந்தார். ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் கையை விரித்து, "வூட்டுக்கு இட்டுக்கினு போயிடுங்க, இன்னைக்கோ நாளைக்கோ" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த இன்னைக்கு நாளைக்கை நம்பி உறவு ஜனமெல்லாம் கள்ளக்குறிச்சி ஏமப்பேருக்கு வந்து இறங்கியது. கரும்பு வெட்டைப் பாதியில் விட்டு வந்தவன், மாட்டைப் பக்கத்து வீட்டில் கட்டிவிட்டு வந்தவள், பெங்களூரில் லீவு சொல்லிவிட்டு வந்த மகன். அழத் தயாராக வந்தவர்கள் அழ முடியாமல் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு சங்கடம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இழுத்துக்கொண்டு கிடந்தால் ஏதோ ஆசை பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அது எதுவென்று கண்டுபிடித்துத் தீர்த்துவிட வேண்டும். முந்தின நாள் தியாகதுருகம் பக்கத்து நிலத்திலிருந்து ஒரு கைப்பிடி மண்ணைக் கொண்டுவந்து, தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்து ஊற்றியாயிற்று. மண்ணாசை இல்லை. இப்போது பொன்னாசையும் இல்லையென்று ஆகிவிட்டது. அமிர்தம் சந்தனக்கல்லை ஓரமாக வைத்துவிட்டு, ஜெயம்மாளின் கையைப் பிடித்து அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"நான் கேக்குறேன்னு தப்பா நெனைக்காத. அவனுக்கு வெளிய தொடுப்பு கிடுப்பு எதுனா இருந்துச்சா? இருந்தா வெக்கப்படாம சொல்லு. இட்டாந்து ஒரு நிமிசம் முன்னாடி நிக்க வெச்சுப்புடலாம்."

"அதெல்லாம் கெடையாது அண்ணி" என்றாள் ஜெயம்மாள். "அந்த விசயத்துல அவுரு ஒழுக்கமானவரு."

"அப்ப அந்த மூணு இன்னாடி?"

அதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. சக்கரவர்த்திக்கு வலது கையில் இரண்டு விரல் மட்டும் அசைந்தது. அந்த இரண்டு விரலால் கட்டில் சட்டத்தில் தட்டுவார். ஒன்று, இரண்டு, மூன்று. கொஞ்சம் நிறுத்துவார். மறுபடி மூன்று. நாளெல்லாம் இதே வேலை. மூணாவது தம்பி ஒருத்தன் சின்ன வயசில் செத்தான், அவனைக் கேட்கிறார் என்றார்கள். திருவண்ணாமலைக்கு மூன்று பௌர்ணமி வருவதாக வேண்டிக்கொண்டிருப்பார் என்றார்கள். அமிர்தம் அவர் நெற்றியில் மூன்று பட்டையாக விபூதி பூசிக்கூடப் பார்த்துவிட்டாள். தட்டல் நிற்கவில்லை.

ஜெயம்மாளுக்கு முதல் தட்டிலேயே தெரிந்துவிட்டது. அது ஒரு பாட்டு. பாட்டின் ஆரம்பம். கிடார் மட்டும் தனியாக மூன்று இழுப்பு இழுக்கும், கொஞ்சம் நிற்கும், மறுபடி மூன்று. அப்புறம்தான் டிரம்ஸ் வந்து விழும். மனுசன் போவதற்கு முன்னால் அதைக் கேட்க ஆசைப்படுகிறார். வீட்டில் இருந்த இருபத்திரண்டு பேரில் இது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் சொல்லப்போவதில்லை. அந்தப் பாட்டைக் கேட்காமல் இந்த ஆள் சாக வேண்டும். கல்யாணமாகி முப்பத்தொன்பது வருசத்தில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டது இது ஒன்றுதான்.

சும்மா சொல்லக் கூடாது, சக்கரவர்த்திக்கு ஊரில் நல்ல பேர். துருகம் ரோட்டில் 'சக்கரவர்த்தி ஆடியோஸ்' என்றால் அந்தக் காலத்தில் தெரியாதவர்கள் கிடையாது. மற்ற கடைகளில் சினிமாப் பாட்டு ஓடியபோது, மெட்ராசுக்கு பஸ் ஏறிப் போய் பர்மா பஜாரில் வெள்ளைக்காரக் குழுக்களின் பாட்டுத் தட்டுகளை வாங்கி வருவார். கிடாரும் டிரம்ஸும் போட்டு நாலைந்து பேர் தலைமுடியை விரித்துக்கொண்டு பாடும் பாட்டுகள். எண்பத்தாறு, எண்பத்தேழில் காலேஜ் பையன்களும், வாத்தியார் வேலைக்குப் படித்தவர்களும், சர்க்கரை ஆலை இன்ஜினியர்களும் காலி கேசட்டைக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்து பதிவு பண்ணி வாங்கிப் போவார்கள். சத்தம் போட்டுப் பேசமாட்டார். வா போ என்று யாரையும் சொல்லமாட்டார். ரசிகன்யா அந்த ஆளு என்று ஊர் சொல்லும்.

வீட்டுக்கு வந்தால் கதை வேறு. சோறு ஆறியிருந்தாலும் குற்றம், ஆவி பறந்தாலும் குற்றம். தகராறு வந்துவிட்டால் அப்போதும் சத்தம் போடமாட்டார். பிள்ளைகளைக் கூப்பிட்டு, "வெளிய போயி வெளையாடுங்கப்பா, அப்பா பாட்டு போடப் போறேன்" என்பார். கதவைத் தாழ் போடுவார். அலமாரியிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்து, பெட்டியில் போட்டு, சத்தத்தைக் கடைசி வரைக்கும் திருகுவார். மூன்று இழுப்பு முடிந்து டிரம்ஸ் விழும்போது முதல் அடி விழும். அந்தச் சத்தத்தில் அவள் என்ன கத்தினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. கத்தாமல் இருக்கப் பழகியது அப்புறம்தான். நடுவில் ஓரிடத்தில் டிரம்ஸ் நின்று கிடார் மட்டும் தனியாகப் போகும். அந்த நேரம் அவரும் மூச்சு வாங்க நிற்பார். பாட்டு முடிந்தால் அடியும் முடியும். ஒரு அடி மேலே போட்டதில்லை, அதில் படு நாணயமான மனுசன். இடது காது மந்தமானது அப்படி ஒரு பாட்டில்தான். மகள் மணிமொழிக்குக் கல்யாணம் நிச்சயமான வருசம் வரைக்கும் அது நடந்தது.

அந்தப் பாட்டின் பேர் ஜெயம்மாளுக்குத் தெரியாது, பாடியவன் எந்த தேசத்துக்காரன் என்றும் தெரியாது. ஆனால் அது எத்தனை நேரம் ஓடும் என்பதை அவள் உடம்பு அறியும்.

அவர் டீக்கடையில் விழுந்த அன்றைக்கு, ஆம்புலன்ஸில் மகள் ஏறிப் போன கையோடு, ஜெயம்மாள் வீட்டுக்குள் வந்து செய்த முதல் வேலை அலமாரியைக் காலி பண்ணியது. கேசட்டு, டேப் ரெக்கார்டர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கோணியில் கட்டி, தெருவில் போன பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுத் தூக்கிப் போகச் சொன்னாள். அவன் பதிலுக்கு என்ன தந்தான் என்றுகூடப் பார்க்கவில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மணிமொழிதான் முதலில் அதைப் பிடித்தாள். அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்தாள்.

"எம்மா! அப்பா பாட்டு கேக்குறாரும்மா! தாளம் போடுறாரு பாரு."

ஜெயம்மாள் தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "நரம்பு துடிக்குது, அவ்ளோதான்" என்றாள்.

"இல்லம்மா. சின்ன புள்ளைல நம்மள வெளிய அனுப்பிட்டு ஒரு பாட்டு போடுவாரே? சவுண்டா? நானும் தம்பியும் தெருவுல குதிப்போமே, அந்தப் பாட்டு. பக்கத்து வூட்டுப் புள்ளைங்கல்லாம் ஓடியாந்துரும். எனக்கு அப்பான்னு நெனச்சாலே அந்த ஆட்டம்தான் ஞாபகம் வரும்." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அது இன்னா பாட்டும்மா?"

"எனக்கு இன்னா தெரியும் இங்கிலீசு பாட்டு."

"கேசட்டு எங்க?"

"எடத்த அடைச்சிக்கினு கெடந்துச்சு. போட்டுட்டேன்."

மணிமொழி தாயை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் அலைபேசியை எடுத்து வாயருகே வைத்து, ஞாபகத்தில் இருந்த ராகத்தை முனகினாள். முனகினால் பாட்டைக் கண்டுபிடித்துக் கொடுக்குமாம். அது யோசித்து ஒரு அம்மன் பாட்டைக் காட்டியது. இன்னொரு தடவை முனகியதற்கு ஏதோ இந்திக் குத்துப்பாட்டைக் காட்டியது. ஜெயம்மாள் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் முனகியது பாதிக்கு மேல் சரிதான். எந்த இடத்தில் தப்பு என்பதுகூட அவளுக்குத் தெரிந்தது.

பெங்களூர் மகன் சரத்குமார் வேறு வழி கண்டுபிடித்தான். "எண்பதுல வந்த ராக் பாட்டுல டாப் நூறு போட்டு வெச்சிருக்கான்க்கா. மொத்தமா ஓட விடுவோம். அதுல இல்லாமயா போயிரும்?" தலைமாட்டில் டம்ளர் அளவுக்கு ஒரு ஸ்பீக்கரை வைத்து, அலைபேசியில் பாட்டை ஓடவிட்டான். இரண்டு பாட்டு முடிவதற்குள் அமிர்தம் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். "ஏண்டா, சாவப் போறவனுக்கு பேயோட்டுறீங்களாடா?" அவள் பின்னாலேயே மற்றவர்களும் பந்தலுக்குப் போய்விட்டார்கள். மணிமொழிக்குக் கைப்பிள்ளை அழுதது. சரத்குமாருக்கு முதலாளியிடமிருந்து போன் மேல் போன்.

"நீ கூட இரும்மா" என்று அக்காவின் அலைபேசியைத் தாயிடம் கொடுத்தான். "தானா ஓடும். அவுரு மூஞ்சியில எதுனா மாறுனா உடனே கூப்புடு. ரொம்பக் காதடைச்சா இந்த அம்புக்குறிய அமுக்கு, அடுத்த பாட்டு வந்துரும்."

ஜெயம்மாள் கட்டிலோரம் முக்காலியைப் போட்டு, நல்ல காது ஸ்பீக்கர் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தாள். பாட்டு மாறி மாறி வந்தது. முக்கால்வாசி அவள் கேட்ட பாட்டுகள்தான். கடையில் பதிவு பண்ணுவதை வீட்டில் ஒரு தடவை ஓட்டிச் சரி பார்ப்பார், அடுக்களையில் இருந்து கேட்டிருக்கிறாள். அந்தப் பாட்டுகளோடு அவளுக்குப் பகையில்லை. மெதுவாகப் போகும் ஒன்று வந்தபோது, இது நல்லாத்தான் இருக்குது என்றுகூட நினைத்தாள். ஒவ்வொன்றும் ஆரம்பிக்கும்போது மட்டும் கட்டைவிரல் அம்புக்குறிக்கு மேலே போய் நின்றது. இல்லையென்று தெரிந்ததும் இறங்கியது.

முப்பதோ நாற்பதோ போயிருக்கும். ஒரு பாட்டு முடிந்து கொஞ்சம் அமைதி. அப்புறம் கிடார். ஒன்று, இரண்டு, மூன்று.

சக்கரவர்த்தி கண்ணைத் திறந்தார்.

ஒன்பது நாளாகத் திறக்காத கண் அப்படியே முழுசாகத் திறந்தது. விரல் தட்டுவதை நிறுத்திவிட்டது. நெஞ்சு நிமிர்ந்து ஒரு மூச்சை இழுத்தது, டிரம்ஸ் வருவதற்காக அந்த மூச்சைப் பிடித்து வைத்துக்கொண்டது. முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது பாருங்கள், இருபத்தைந்து வயசு மாப்பிள்ளையாகப் பெண் பார்க்க மணலூர்பேட்டைக்கு வந்தபோது அந்த முகத்தில் இருந்தது அது.

ஜெயம்மாள் அம்புக்குறியை அமுக்கினாள்.

வேறு பாட்டு வந்தது. யாரோ ஒருத்தன் கீச்சுக் குரலில் கத்தினான். சக்கரவர்த்தியின் கண் ஸ்பீக்கரைத் தேடியது, அங்கிருந்து மெல்ல நகர்ந்து அவள் கைக்கு வந்து, கையிலிருந்து முகத்துக்கு வந்தது. விரல் வெறிபிடித்தாற்போல் தட்டியது. மூன்று. மூன்று. மூன்று.

அவள் குனிந்து அவர் காதில் வாயை வைத்தாள்.

"தெரியும். நீ அதத்தான் கேக்குறேன்னு மொத நாளே தெரியும். குடுக்க மாட்டேன் போ."

முப்பத்தொன்பது வருசத்தில் அவரை நீ என்று சொன்னது அதுவே முதல் தடவை. சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண்ணோரத்தில் தண்ணீர் கோத்து, காதுக்கு இறங்கியது. பொய் சொல்வானேன், அவளுக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. பசித்த வயிற்றில் சூடாகக் கஞ்சி இறங்கின சந்தோசம். அந்தத் தண்ணீரைத் துடைக்கக்கூட அவள் கை போகவில்லை.

கீச்சுக் குரல்காரன் முடித்தான். நடுவில் விளம்பரம் வந்தது. ஒரு பெண் கொஞ்சிக் கொஞ்சி, தலைமுடி கொட்டுவதற்கு ஒரு எண்ணெயைச் சொன்னாள். ஏழே நாளில் வித்தியாசம் தெரியுமாம். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது சக்கரவர்த்தியின் விரல் சட்டத்தின் மேல் ஒரு தட்டு தட்டியது. இரண்டாவதற்குத் தூக்கியது அப்படியே சரிந்தது.

ஜெயம்மாள் விளம்பரம் முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். அப்புறம் வெளியே போய், "போயிட்டாரு" என்றாள்.

"பாட்டு கேட்டுக்கினே போயிட்டானா என் தம்பி! புண்ணியவான்டா நீ!" என்று அமிர்தம் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடினாள். ஒன்பது நாள் அழுகை ஒரே மூச்சில் வீட்டை நிறைத்தது. ஜெயம்மாளும் அழுதாள். எதற்கென்று அவளே கேட்டுக்கொள்ளவில்லை, கண்ணீர் வந்தது, விட்டாள்.

மறுநாள் மூன்று மணிக்கு எடுப்பதாக முடிவானது. மேளம் வந்தது, பூப்பல்லக்கு வந்தது. மைக் செட்டுக்காரன் சின்னக்கண்ணு ஆள் உயர ஸ்பீக்கர் இரண்டை வாசலில் நிறுத்திக் காலையிலிருந்து ஒப்பாரிப் பாட்டு போட்டுக்கொண்டிருந்தான். ஜெயம்மாள் பிணத்தின் தலைமாட்டில் பாயில் உட்கார்ந்திருந்தாள். யார் வந்து கட்டிப் பிடித்தாலும் பிடித்தபடி இருந்தாள். உள்ளுக்குள்ளே ஒரு அமைதி. போயிட்டான், அதைக் கேக்காமலே போயிட்டான் என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இனி அந்தச் சனியன் பிடித்த பாட்டு அவள் காதில் விழாது.

இரண்டரை மணிக்குத் தெருமுனையில் எட்டுப் பேர் ஒன்றாக நடந்து வந்தார்கள். எல்லாருக்கும் அறுபதை ஒட்டின வயசு. ஒரு காலத்தில் தோள்வரை முடி வளர்த்துக்கொண்டு திரிந்தவர்கள், இப்போது எட்டில் ஆறு வழுக்கை. முன்னால் வந்தவர் சிவசங்கர், ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மாலையைப் போட்டுவிட்டு ஜெயம்மாள் முன்னால் வந்து குந்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய கேசட்டை எடுத்தார். மற்ற ஏழு பேரும் ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள்.

"எங்கள உங்களுக்குத் தெரியாதும்மா. எல்லாம் சாரோட கஸ்டமருங்க" என்றார் சிவசங்கர். "அறுபது நிமிசக் கேசட்டுல பாட்டு அம்பத்தஞ்சு நிமிசம்தான் வரும். மிச்ச டேப்பு சும்மா ஓடும். மத்த கடைக்காரனுங்க அப்படியே விட்டுருவானுங்க. நம்ம சாரு விடமாட்டாரு. அந்த மிச்ச எடத்துல தானா ஒரு பாட்டு போட்டுக் குடுப்பாரு. காசு கெடையாது. எல்லாருக்கும் ஒரே பாட்டு."

ஜெயம்மாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் சார் இதே பாட்டுன்னு ஒரு நாள் கேட்டேன். இது எங்க வூட்டுக்காரிக்கு உசுரு, வாரத்துக்கு ஒரு தடவயாவது கேக்காம இருக்க மாட்டா, அவளுக்காக எல்லாருக்கும் போட்டுத் தரேன்னாரு. இன்னா ஒரு மனசும்மா! இந்த டவுன்ல எந்த வூட்டுக் கேசட்ட எடுத்து ஓட்டுனாலும் கடைசியில உங்க பாட்டுதான் வரும். நாங்க அத ஜெயம்மா பாட்டுன்னுதான் சொல்லுவோம். எடுக்குறப்ப ஒரு தடவ போடலாம்னு பிளேயரும் கொண்டாந்திருக்கோம்."

ஒரு கோணிக் கேசட்டைத் தூக்கி அனுப்பியவளுக்கு ஊரெல்லாம் கிடந்த கேசட்டு தெரியவில்லை. எத்தனை வீடு, எத்தனை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் அது ஓடியிருக்கிறது. அத்தனை பேரும் அவளை நினைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார்கள்.

"வேணாம் சார்" என்றாள்.

"கூச்சப்படாதீங்கம்மா."

"வேணாம். போடாதீங்க. உங்க காலப் புடிச்சுக்கிறேன்."

"இன்னாடி வேணாம்!" என்று குறுக்கே வந்தாள் அமிர்தம். "எம் தம்பி உம்மேல எவ்ளோ ஆச வெச்சிருந்தா ஊருக்கே உம் பாட்ட குடுத்திருப்பான்? போடுங்க சார் நீங்க. அவ துக்கத்துல பேசுறா."

மணிமொழி கைப்பிள்ளையோடு ஓடி வந்தாள். "அதாம்மா! நான் முனகுனேனே, அதான் இருக்கும்! அப்பாவுக்குக் கேக்கட்டும்மா." அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

சின்னக்கண்ணு பிளேயரின் ஒயரைப் பெரிய ஸ்பீக்கரில் செருகினான். சிவசங்கர் கேசட்டைக் கடைசிப் பாட்டு வரை ஓட்டி வைத்து, "புல் சவுண்டுப்பா" என்றார். உடம்பைத் தூக்க ஆறு பேர் குனிந்தார்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று.

ஜெயம்மாளின் இரண்டு கையும் தலைக்குப் போயின. அவள் போகச் சொல்லவில்லை. வலது உள்ளங்கை உச்சியை மூடியது, இடது முழங்கை மடங்கிக் காதை மறைத்தது, முழங்கால் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. டிரம்ஸ் விழுந்தபோது உடம்பு முழுக்க ஒரு குலுங்கு குலுங்கி இன்னும் சின்னதாகச் சுருண்டது. வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. ஐம்பத்தெட்டு வயசுப் பொம்பளை அத்தனை ஜனத்துக்கு நடுவே பாயில் ஒரு மூட்டையாகக் கிடந்தாள்.

"பாருங்கடி, தலையில அடிச்சிக்கினு துடிக்கிறாளே" என்று ஒருத்தி அழுதாள். "இந்த மாதிரி ஜோடி இனிமே பொறக்குமா?" நாலு பெண்கள் அவள் மேல் விழுந்து கட்டிக்கொண்டார்கள்.

மணிமொழி மட்டும் அப்படியே நின்றாள். பாட்டு ஓடியது. நடுவில் டிரம்ஸ் நின்று கிடார் தனியாகப் போன இடத்தில், தாய் தலையைக் கொஞ்சம் தூக்கி, அவசர அவசரமாக இரண்டு மூச்சு இழுத்ததை அவள் பார்த்தாள். டிரம்ஸ் திரும்ப வருவதற்குச் சரியாக முன்னால் தலை மறுபடி உள்ளே போனதையும் பார்த்தாள். பாட்டு முடிந்ததும் அந்த உடம்பு தளர்ந்ததைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த பிள்ளையை அவள் இறுக்கின இறுக்கில் அது வீறிட்டது.

"இன்னொரு தடவ போடு சின்னக்கண்ணு" என்றார் வழுக்கைக்காரர் ஒருத்தர். "எம் கேசட்டையும் போட்டுருப்பா. பாவம், அந்தம்மா மனசு ஆற அழுது தீக்கட்டும்."

எட்டுக் கேசட்டு இருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டார்கள். மூன்றாவதில் பல்லக்கு நகர்ந்தது. ஸ்பீக்கரை வண்டியில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். துருகம் ரோட்டு முனையில் பெரியவர்கள் இரண்டு பேர் மேளக்காரர்களோடு சேர்ந்து ஆடினார்கள் என்று அப்புறம் சொன்னார்கள். கோமுகி ஆற்றங்கரை வரைக்கும் பாட்டு நிற்கவே இல்லை.

பொம்பளைகள் தெருக்கோடியிலிருந்து திரும்பி வந்து வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஜெயம்மாளை நாலு பேராகத் தூக்கிக் கொல்லையில் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கல்லில் உட்கார வைத்தார்கள். முழுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அமிர்தம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் குடத்தைக் கவிழ்த்தாள்.

"கைய எறக்குடி. தண்ணி தலையில படல பாரு."

ஜெயம்மாள் இறக்கவில்லை.

"ஏ மணிமொழி, அவ கையப் புடிச்சு எறக்கு."

மணிமொழி கிட்டே வந்தாள். தாயின் மணிக்கட்டைத் தொட விரலை நீட்டினாள், தொடுவதற்கு முன்னாலேயே அந்தத் தோள் பின்னுக்குச் சுருங்கியது. அவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"விடு அத்த. ஊத்தாத."

"நல்லா சொன்ன போ. முழுகாம எப்படி வூட்டுக்குள்ள போறது?" என்று அமிர்தம் அடுத்த குடத்தை மொண்டாள்.

தண்ணீர் விரல்களின் மேல் விழுந்து, முழங்கை வழியாக இரண்டு பக்கமும் ஒழுகியது. விரல்களுக்கு அடியில் தலைமயிர் காய்ந்தே இருந்தது.